பத்திரிகைக்காரனுக்கு நானோ எதற்கு?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், புதிய தொலைக்காட்சிப் பெட்டி வாங்குவது பற்றிக் கேட்டிருந்த வாசகர் ஒருவருக்கு விடை எழுதும்போது, "நானோ தொழில்நுட்பத்தைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் ஊடகத்தில் இருப்பவர்கள்தாம்" என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்துவிட்டேன். தொலைக்காட்சியைப் பற்றி வந்த கடிதங்களைவிட அந்த ஒற்றை வரியைப் பற்றி வந்தவையே அதிகம். சிலர் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். சிலர் சண்டைக்கே வந்திருக்கிறார்கள். ஆகவே இம்மாதப் பக்கங்களை அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: நான் தகவல் ஊடகத் துறையில் இரண்டாம் ஆண்டு பயில்கிறேன். வணிக நானோ தொழில்நுட்பம் பற்றிய கருத்தரங்கு ஒன்றுக்குக் கட்டாயம் போக வேண்டும் என்கிறார் எங்கள் விரிவுரையாளர். வேதியியல் மாணவர்கள் போக வேண்டிய இடத்தில் எங்களுக்கு என்ன வேலை, ஐயா?
– மாணவி, பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: போய் வாருங்கள், அம்மா. திரும்பி வரும்போது இன்னும் நான்கு கேள்விகளோடுதான் வருவீர்கள்.

ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறுகளாக்கினால் அதில் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 80,000 முதல் 100,000 நானோமீட்டர் வரை இருக்கும். பொதுவாக 1 முதல் 100 நானோமீட்டர் வரையிலான அளவில் ஒரு பொருளைச் செய்து, அந்தச் சிறுமையினாலேயே அதற்கு வந்து சேரும் புதிய குணத்தைப் பயன்படுத்திக்கொள்வதுதான் நானோ தொழில்நுட்பம். 'வணிக' என்ற சொல்லை முன்னால் சேர்த்தால், ஆய்வுக்கூடத்தைத் தாண்டிக் கடைக்கு வந்து, விலை ஒட்டப்பட்டு நிற்கும் சரக்கு என்று பொருள். உங்களுக்கு வேண்டியது இந்த இரண்டாவது பகுதிதான்.

இது ஏதோ நேற்று வந்த விந்தை என்று எண்ண வேண்டாம். ஆமணக்கெண்ணெய் விளக்கின்மேல் தட்டைக் கவிழ்த்து வைத்து நம் பாட்டிமார் கண்மைக்குச் சேர்த்தார்களே, அந்தக் கரியின் அடிப்படைத் துகள்கள் சில பத்து நானோமீட்டர் அளவுடையவை. காலையில் நாளிதழைப் படித்து முடித்தபின் கட்டைவிரலில் ஒட்டியிருக்கும் கறுப்பும் அதே குடும்பத்தைச் சேர்ந்த கரிதான். அச்சு மைக்காகத் தொழிற்சாலையில் அளவு பார்த்துச் செய்யப்பட்டது, அவ்வளவே வேறுபாடு. எனவே அச்சு ஊடகம் பிறந்த நாளிலிருந்தே நானோத் துகளை விற்றுத்தான் பிழைத்து வந்திருக்கிறது, தெரியாமல் விற்றது.

இப்போது தெரிந்தே நடப்பதைப் பாருங்கள். பத்து மலையில் தைப்பூசக் காவடி ஒன்றை ஒரு நிருபர் படம் பிடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒளி முதலில் லென்சின் பூச்சைக் கடக்கிறது. பிறகு, ஒவ்வொரு படப்புள்ளியும் ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க அளவுக்குச் சுருங்கிவிட்ட கைத்தொலைபேசி உணரியில் விழுகிறது. அங்கிருந்து நினைவு அட்டைக்கும், அட்டையிலிருந்து அலுவலக வன்தட்டுக்கும், வன்தட்டிலிருந்து எங்கோ இருக்கும் சேமிப்பு மையத்துக்கும், கடைசியாக வாசகரின் திரைக்கும் போகிறது. வழியிலுள்ள ஒவ்வொரு படியும் நானோமீட்டர் கணக்கில் வேலை செய்பவர்கள் கட்டியது.

இதில் வன்தட்டைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் அலுவலகத்தில் உயிரை விட்ட ஒரு வன்தட்டை, நட்சத்திர முனைத் திருப்புளி ஒன்றை இரவல் வாங்கித் திறந்து பார்த்தேன். உள்ளே முகம் பார்க்கும் கண்ணாடிபோல் பளபளக்கும் வட்டத்தகடுகள் அடுக்கியிருந்தன. அவற்றின்மேல் பழைய கிராமபோன் கை போன்ற ஒரு மெல்லிய கை நீண்டிருந்தது. ஓடும்போது அந்தக் கையின் முனை தகட்டைத் தொடுவதில்லை. இடைவெளி வெறும் சில நானோமீட்டர்தான். நான் திறந்தவுடன் தகட்டின்மேல் பதிந்த என் கைரேகை, அந்த முனைக்கு ஒரு மலைத்தொடர். திறந்த வன்தட்டு அத்தோடு முடிந்தது என்று பழுது பார்ப்பவர்கள் சொல்வது இதனால்தான்.

அந்த முனை தகட்டிலுள்ள காந்தக் குறிகளை எப்படி உணர்கிறது? 1988இல் பிரான்சில் ஆல்பர்ட் ஃபெர்ட்டும் ஜெர்மனியில் பீட்டர் க்ரூன்பெர்க்கும் தனித்தனியே ஒன்றைக் கண்டார்கள். சில அணுக்கள் தடிமனே உள்ள இரும்பு, குரோமியம் படலங்களை மாற்றி மாற்றி அடுக்கினால், மிக மெல்லிய காந்தப் புலத்துக்குக்கூட அதன் மின்தடை பெரிதாக மாறுகிறது. ஒன்பதே ஆண்டுகளில், 1997இல், ஐபிஎம் நிறுவனம் இந்த உத்தியில் அமைந்த முனையோடு 16.8 கிகாபைட் வன்தட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1956இல் அதே நிறுவனத்தின் முதல் வன்தட்டுக் கருவி ஓர் அலமாரியைவிட அதிக இடம்பிடித்து, 50 தட்டுகளில் ஏறக்குறைய 5 மெகாபைட்டைத்தான் சுமந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஓரிரு படங்கள் அதை நிரப்பிவிடும். ஃபெர்ட்டுக்கும் க்ரூன்பெர்க்குக்கும் 2007இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்குள் உலகத்துத் தொலைக்காட்சி நிலையங்கள் பல, நாடாவை விட்டுவிட்டு வன்தட்டில் படத்தொகுப்பு செய்யப் பழகிவிட்டிருந்தன.

ஊடகக்காரர் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். ஓர் ஆய்வுக்கூடத்துப் படலம், ஒரு தொழிலின் செலவுக் கணக்கை மாற்றியது. நாடா வாங்கும் செலவு போயிற்று. நாடாவைச் சுற்றியும் வெட்டியும் ஒட்டியும் வாழ்ந்தவர்களின் வேலையும் போயிற்று. பெரிய நிறுவனங்களால் மட்டுமே முடிந்த ஒளிப்பதிவும் தொகுப்பும், செந்தூலில் ஓர் அறை எடுத்துக் குறும்படம் செய்யும் இளைஞர் கைக்கும் வந்தன. எந்தத் தொழில்நுட்பம் எப்போது மலிவாகும் என்பதை முன்கூட்டியே மோப்பம் பிடிக்கத் தெரிந்தவர் அந்த மாற்றத்தில் முதலாளியானார். தெரியாதவர் ஓய்வூதிய விருந்துக்குப் போனார்.

மேலும் இது வேறெங்கோ நடக்கும் கதையும் அன்று. கணினிச் சில்லு (சிப்) செய்யும் இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை 1972இல் அமைத்தது பினாங்கின் பாயான் லெப்பாசில். அரை நூற்றாண்டுக்கும் மேலாக நம் பெண்கள் பலர் அத்தகைய தொழிற்சாலைகளில் நுண்ணோக்கியில் கண் வைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள். அவர்கள் கைபட்ட சில்லுகளைப் பற்றி நம் ஏடுகள் எழுதியதைவிட, அந்தத் தொழிற்சாலைகளின் ஆண்டு இரவு விருந்தைப் பற்றி எழுதியதே அதிகம் என்பது என் நெடுநாளைய குறை.

கேள்வி: திருமணப் படங்கள் எடுத்துப் பிழைப்பவன் நான். 'நானோ பூச்சு' உள்ள லென்சுக்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா? கைத்தொலைபேசித் திரைக்கு 'நானோ திரவம்' பூசுகிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?
– ஒளிப்படக் கலைஞர், பத்து கேவ்ஸ்

பதில்: இரண்டும் ஒன்றல்ல.

லென்சின் பூச்சு உண்மையான வேலை செய்கிறது. ஒளி காற்றிலிருந்து கண்ணாடிக்குள் நுழையும் ஒவ்வொரு பரப்பிலும் ஒரு சிறு பங்கு திரும்பிவிடும். பத்துப் பதினைந்து கண்ணாடிகள் கொண்ட ஒரு லென்சுக்குள் இப்படித் திரும்பும் ஒளி அங்குமிங்கும் மோதி, மணவறை விளக்கு எதிரே இருக்கும்போது பேய்போன்ற வட்டங்களையும் வெளிறிய மூட்டத்தையும் உண்டாக்கும். விட்டில் பூச்சியின் கண் இரவில் பளிச்சிடாமல் இருப்பதற்குக் காரணம், அதன்மேல் ஒளி அலையைவிடச் சிறிய மேடுகள் நெருக்கமாக நிற்பதுதான். காற்று எங்கே முடிந்தது, கண் எங்கே தொடங்கியது என்று ஒளிக்கே தெரியாமல் போய்விடுகிறது. கேனன் நிறுவனம் அதே உத்தியை ஆப்பு வடிவ நுண்ணமைப்பாகக் கண்ணாடியின்மேல் செய்கிறது. நிக்கான் நிறுவனம் நானோத் துகள்களுக்கிடையே காற்றிடங்கள் விட்டு அமைந்த ஒரு படலத்தைப் பூசுகிறது. சில்லு அச்சிடும் இயந்திரங்களின் லென்சுக்காக உருவாக்கிய உத்தியையே பின்னர் கேமராவுக்குக் கொண்டுவந்தார்கள். எதிரொளியில் அடிக்கடி படமெடுக்கும் தொழில் உங்களுடையது. ஆகவே கொடுக்கலாம்.

ஆனால் ஒன்று. அந்த லென்சை நம் ஊர் ஈரத்தில் தோல் பைக்குள் மூடி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்தால் முதலில் கெடுவது அந்தப் பூச்சுதான். சிலந்தி வலைபோல் வெள்ளை இழை ஓடிய ஒரு லென்சை டார்ச் விளக்கைப் பின்னால் பிடித்துப் பார்த்த அனுபவம் எனக்கு உண்டு. வாங்கிய விலையை நினைத்து அன்று சாப்பாடு இறங்கவில்லை. ஈரம் உறிஞ்சும் பெட்டி ஒன்று வாங்கிய பிறகு லென்சு வாங்குங்கள். சட்டை முனையால் துடைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

திரைக்குப் பூசும் திரவத்தில் கைரேகை ஒட்டாத, தண்ணீர் முத்தாக உருண்டோடும் குணம் இருக்கக்கூடும். தாமரை இலைத் தண்ணீர் என்று நாம் பழமொழியில் சொல்வதும் இதே கதைதான்; இலையின்மேல் உள்ள நுண்ணிய மெழுகு மேடுகள்தாம் அங்கே தண்ணீரை ஒட்டவிடாமல் நிறுத்துகின்றன. ஆயினும் கண்ணுக்கே தெரியாத ஒரு படலம், கைத்தொலைபேசி மின்படிக்கட்டில் விழும்போது அதிர்ச்சியைத் தாங்கித் திரையைக் காப்பாற்றும் என்று கடைக்காரர் சொன்னால், அவர் தம் தொலைபேசியை முதலில் கீழே போடட்டும்.

கேள்வி: '3 நானோமீட்டர் சில்லு' என்று விளம்பர வாசகம் எழுதச் சொல்கிறார்கள். சில்லில் எது 3 நானோமீட்டர்?
– விளம்பர வாசக எழுத்தாளர், பங்சார்

பதில்: எதுவும் இல்லை. ஒரு காலத்தில் அந்த எண், சில்லிலுள்ள ஓர் உண்மையான நீளத்தைக் குறித்தது. இப்போது அது ஒரு தலைமுறைப் பெயர். வாகனங்களின் மாடல் எண் போல. 3 நானோமீட்டர் என அழைக்கப்படும் சில்லுகளில் அடுத்தடுத்த டிரான்சிஸ்டர்களின் (மின்னோட்டத்தைத் திறந்து மூடும் நுண்விசைகளின்) இடைத்தூரம் ஏறத்தாழ 48 நானோமீட்டர். அவற்றை அச்சிடப் பயன்படும் புறஊதா ஒளியின் அலைநீளமே 13.5 நானோமீட்டர். முந்தைய தலைமுறையைவிட அதே இடத்தில் அதிக டிரான்சிஸ்டர்கள், குறைந்த மின்சாரம் என்பது உண்மை, அதை எழுதுங்கள். "முடியைவிட முப்பதாயிரம் மடங்கு மெல்லிய கம்பிகள்" என்று எழுதிவிடாதீர்கள். அத்தகைய வாசகம் ஒன்று என் பார்வைக்கு வந்ததால் சொல்கிறேன்.

கேள்வி: கியூஎல்இடி, ஓஎல்இடி என்று இரண்டு சொல்கிறார்கள். எங்கள் படத்தொகுப்பு அறைக்கு எது? முதலில், 'குவாண்டம் டாட்' என்பது உண்மையா, ஜாலமா?
– தொலைக்காட்சி நாடகப் படத்தொகுப்பாளர், சுங்கை பூலோ

பதில்: உண்மை. ஒரே வேதிப்பொருளாலான துகள், 2 நானோமீட்டர் அளவில் இருந்தால் நீல நிறத்தையும் 6 நானோமீட்டர் அளவுக்கு வளர்ந்தால் சிவப்பு நிறத்தையும் உமிழும். சாயம் மாறவில்லை, அளவு மட்டும் மாறியது. இதைக் கண்டறிந்து செய்துகாட்டிய அலெக்சி எக்கிமோவ், லூயி புரூஸ், மௌங்கி பவெண்டி மூவருக்கும் 2023இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. நம் தொழில்காரர்களுக்கு அந்தப் பரிசில் ஒரு தனிச் சுவை உண்டு: அறிவிப்புக்குச் சில மணி நேரம் முன்பே செய்தி அறிக்கை தவறுதலாக ஸ்வீடன் நாட்டு ஊடகங்களுக்கு மின்னஞ்சலில் போய்விட்டது. குறித்த நேரம்வரை செய்தியை வெளியிடக் கூடாது என்னும் 'நேரத்தடை'யை நோபல் குழுவே மீறிய அந்த நாளை எங்கள் செய்தியறையில் நீண்ட நாள் பேசிச் சிரித்தோம்.

சோனி நிறுவனம் 2013லேயே இத்துகள்கள் கொண்ட தொலைக்காட்சியை விற்றது. ஆனால் கியூஎல்இடி என்ற பெயரில் கடையில் நிற்கும் பெட்டிகளில் பெரும்பாலானவை, பின்னாலிருந்து விளக்கு எரியும் வழக்கமான எல்சிடி திரைகளே. விளக்குக்கும் திரைக்கும் இடையே குவாண்டம் துகள் தாள் ஒன்று செருகியிருக்கிறார்கள். நிறம் தூய்மையாக இருக்கும். கறுப்பு முழுக் கறுப்பாக இராது. ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரிந்து தானே அணைவதால் கறுப்பு கறுப்பாகவே இருக்கும். இரவுக் காட்சிகளுக்கு நிறம் திருத்துபவர் என்றால் ஓஎல்இடி பக்கம் பாருங்கள். எதை வாங்கினாலும் கடையில் போட்டுக் காட்டும் மாதிரிப் படத்தை நம்பாமல், நீங்கள் எடுத்த படத்தையே விரலியில் (பென் டிரைவில்) கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: சிறிய அச்சகம் நடத்துகிறேன். அழைப்பிதழும் கோயில் திருவிழா மலரும்தான் என் பிழைப்பு. 'நானோ மை' அச்சு இயந்திரம் எதிர்காலம் என்கிறார்கள். கடன் வாங்கலாமா?
– அச்சக உரிமையாளர், பட்டர்வொர்த்

பதில்: பொறுங்கள்.

2012இல் ஜெர்மனியின் டியூசல்டார்ஃப் நகரில் நடந்த ட்ரூபா அச்சுக் கண்காட்சியில், பென்னி லாண்டா என்பவர் சில பத்து நானோமீட்டர் அளவுள்ள நிறமித் துகள்கள் கொண்ட மையையும் அதற்கான இயந்திரங்களையும் மேடையேற்றினார். கூட்டம் அலைமோதியது. மையை முதலில் ஒரு சூடான பட்டையின்மேல் தெளித்து, நீரை ஆவியாக்கி, அரை மைக்ரோமீட்டர் அளவுக்கு மெல்லிய படலமாகத் தாளுக்கு மாற்றுவது அவர் உத்தி. தாளுக்குள் மை ஊறாது. ஆகவே எந்தத் தாளிலும் கூர்மையாக அச்சிடலாம், மையும் குறைவாகச் செலவாகும் என்பது வாக்குறுதி. உத்தி பொய்யன்று. ஆனால் முதல் இயந்திரம் ஒரு வாடிக்கையாளரின் அச்சகத்துக்குப் போய்ச் சேர ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் பிடித்தன. அதுவும் பெரும் பொதியட்டை அச்சகங்களுக்கான இயந்திரம். முந்நூறு அழைப்பிதழ் அடிக்கும் கடைக்கானதன்று.

கண்காட்சி மேடைக்கும் கடைத் தரைக்கும் இடையிலான அந்த ஐந்து ஆண்டுகளில்தான் கடன் வாங்கியவர் மூழ்குவார். உங்கள் இப்போதைய இங்க்ஜெட் மையிலேயே நூறு நானோமீட்டர் அளவிலான நிறமிகள் இருக்கக்கூடும். அதற்கு யாரும் விழா எடுக்கவில்லை. கடனுக்குப் பதிலாக ஒரு காரியம் செய்யுங்கள்: கடையின் காற்றோட்டத்தைச் சீர்செய்யுங்கள். 2007இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் 62 அச்சுப்பொறிகளைச் சோதித்து, அவற்றில் 17 மிக நுண்ணிய துகள்களை மிகுதியாக வெளிவிடுவதாகக் கண்டார்கள். டோனர் தூளே நேராகப் பறப்பதைவிட, சூட்டில் ஆவியாகும் பொருள்கள் குளிர்ந்து துகளாவதே பெரும்பகுதி என்று பின்னர் விளக்கினார்கள். குளிர்சாதனத்துக்காகக் கண்ணாடியை இறுக மூடிக்கொண்டு, லேசர் அச்சுப்பொறிக்கு அருகிலேயே நாள் முழுதும் உட்கார்ந்திருக்கும் உங்கள் பணிப்பெண்ணுக்கு எந்த நானோ மையைவிடவும் ஒரு காற்றுப்போக்கி விசிறி நன்மை செய்யும்.

கேள்வி: வானொலியிலும் மேடையிலும் நாற்பது ஆண்டுகள் நாடகம் போட்டவன் நான். பழைய ஒலிநாடாக்கள், காணொளி நாடாக்கள், நறுக்கி ஒட்டிய நாளிதழ்த் துண்டுகள் ஓர் அலமாரி நிறைய இருக்கின்றன. பேரன் எல்லாவற்றையும் 'பென் டிரைவில்' போட்டுவிடலாம் என்கிறான். போதுமா?
– ஓய்வுபெற்ற நாடகக் கலைஞர், ஜார்ஜ் டவுன்

பதில்: பேரனை வாழ்த்துங்கள், ஐயா, ஆனால் அவர் சொல்வதோடு நிறுத்திவிடாதீர்கள்.

விரலியும் நினைவு அட்டையும் தகவலை மின்னேற்றமாக, நானோ அளவிலான கோடிக்கணக்கான சிறு அறைகளில் பூட்டி வைக்கின்றன. 1987இல் தோஷிபாவின் ஃபுஜியோ மசுவோக்கா குழு அறிமுகப்படுத்திய உத்தியின் வழித்தோன்றல் இது. அந்த அறைச் சுவர்கள் மிக மெல்லியவை என்பதால், மின்சாரம் காட்டாமல் பல ஆண்டுகள் போட்டுவைத்தால் மின்னேற்றம் மெல்லக் கசியும்; வெப்பம் அதை விரைவுபடுத்தும். தகரக் கூரையின் கீழுள்ள அலமாரியில் விரலியைப் போட்டுவிட்டுப் பத்தாண்டு கழித்துத் தேடுவது, பனிக்கட்டியைப் பெட்டியில் பூட்டி வைப்பது போல.

பெரிய ஒளிபரப்பு நிறுவனங்களும் திரைப்பட நிலையங்களும் நாடாவை முற்றிலும் விட்டுவிடவில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். எல்டிஓ என்னும் நாடாக்களில், சுமார் 20 நானோமீட்டர் அளவுள்ள பேரியம் ஃபெரைட் துகள்களைப் பூசுகிறார்கள். அது ஏற்கெனவே ஆக்சைடாக இருப்பதால் உலோகத் துகள்போல் துருப்பிடிப்பதில்லை. அதன் ஒன்பதாம் தலைமுறையான எல்டிஓ-9 நாடா ஒன்றில் 18 டெராபைட் கொள்ளும். 2020இல் ஐபிஎம்மும் ஃபுஜிஃபிலிமும் ஸ்ட்ரான்ஷியம் ஃபெரைட்டைக் கொண்டு, ஒரே நாடாவில் 580 டெராபைட் கொள்ளும் அடர்த்தியை ஆய்வுக்கூடத்தில் காட்டின. ஆனால் வாசிக்கும் இயந்திரத்தில்தான் சிக்கல்: எல்டிஓ-9 இயந்திரம் எல்டிஓ-8 நாடாவை வாசிக்கும், அதற்கும் முந்தையதைத் தொடாது. நாடா முப்பது ஆண்டு இருந்தாலும், அதைப் படிக்கும் இயந்திரம் இல்லாவிட்டால் அது கயிறுதான். கண்ணாடியிலும் எழுதுகிறார்கள், 2019இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம், 1978இல் வந்த ஓர் ஆங்கிலப் படத்தை முழுதாக 75 மில்லிமீட்டர் சதுரக் கண்ணாடி வில்லை ஒன்றில் லேசரால் பதித்துக் காட்டியது. அது நம் வீட்டுக்கு வரும் வரை காத்திருக்க முடியாது.

நீங்கள் செய்யக்கூடியது எளிது. சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளத் தொடங்குவதற்கு முன் நாடாக்களைத் தொழில் தெரிந்தவரிடம் கொடுத்து எண்மமாக்குங்கள். வெவ்வேறு ஆண்டில் வாங்கிய இரண்டு வன்தட்டுகளில் இரண்டு படிகள் வையுங்கள். ஒன்று மகள் வீட்டில் இருக்கட்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதியதற்கு மாற்றுங்கள்.

நாளிதழ்த் துண்டுகளைப் படமெடுத்த பின்னும் எறிந்துவிடாதீர்கள். மலிவான செய்தித்தாள் தன் சொந்த அமிலத்தாலேயே பழுத்து நொறுங்கும். ஃபுளோரன்ஸ் பல்கலைக்கழகத்தில் பியேரோ பாலியோனி குழுவினர், சுண்ணாம்பை நானோத் துகளாக்கிச் சாராயத்தில் கலந்து, தாளில் பரப்பி அமிலத்தை முறிக்கும் முறையைச் செம்மைப்படுத்தியிருக்கிறார்கள். வெற்றிலைக்குத் தடவும் அதே சுண்ணாம்புதான். அருங்காட்சியகங்கள் பயன்படுத்தும் இச்சரக்கை வீட்டில் முயல வேண்டாம். ஆனால் 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன தமிழ் நேசன் போன்ற ஏட்டின் பழைய தொகுதிகள் யாரிடம் எந்த நிலையில் இருந்தாலும், அவற்றைக் காக்க வழி இருக்கிறது என்று நம் சங்கங்களாவது தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் ஏட்டின் விளம்பரப் பகுதிக்கு 'நானோ நீர்', 'நானோ காப்பு', 'நானோ சத்துமாவு' என்று வாரந்தோறும் ஒன்று வருகிறது. விளம்பரத்தை மறுத்தால் வருமானம் போகும். போட்டால் வாசகர் போவார். எதை எப்படிப் பிரித்தறிவது?
– துணையாசிரியர், பினாங்கு

பதில்: உங்கள் கேள்விதான் இம்மாதத்தின் முதன்மைக் கேள்வி, இவ்வளவு பின்னால் வைத்ததற்குப் பொறுத்தருள்க.

முதலில் எதிர்த்திசைத் தவறு ஒன்றைச் சொல்கிறேன். 2006 மார்ச் இறுதியில் ஜெர்மனியில் 'மேஜிக் நானோ' என்ற தெளிப்பானைப் பயன்படுத்திய நூறு பேர் வரை மூச்சுத் திணறலுக்கு ஆளானார்கள். சிலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். 'நானோ தொழில்நுட்பம் ஆட்களை வீழ்த்தியது' என்று உலகெங்கும் செய்தி பறந்தது. சில வாரங்களில் ஜெர்மானிய இடர் மதிப்பீட்டு நிறுவனம் ஆராய்ந்து, அந்தத் தெளிப்பானில் நானோத் துகளே இல்லை என்று அறிவித்தது. பூசியபின் உண்டாகும் படலம் மெல்லியது என்பதற்காக வைத்த பெயர் அது. ஆட்கள் நோயுற்றது உண்மை, காரணம்தான் வேறு. விற்பவர் வைத்த பெயரைச் செய்தியாளர் வேதியியல் ஆய்வாக எடுத்துக்கொண்டார். திருத்தம் முதற்செய்தி போன தூரத்தில் கால்வாசிகூடப் போகவில்லை.

நானும் யோக்கியனல்லன். துணையாசிரியனாக இருந்த நாளில் ஒரு நிறுவனத்தின் அறிக்கையை வரி பிசகாமல் மொழிபெயர்த்து, 'நானோ வெள்ளி கலந்த அதிசயக் காலுறை' என்று தலைப்பிட்டு வெளியிட்டேன். மறுநாள் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். "தம்பி, எத்தனை நானோமீட்டர்? யார் அளந்தது? துவைத்தால் எங்கே போகும்?" என்று மூன்றே கேள்வி கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அந்த மூன்றுக்கும் எனக்கு விடை தெரியாது. அறிக்கை அனுப்பியவருக்கும் தெரியவில்லை.

இன்றும் நான் அவர் கேள்விகளையே பயன்படுத்துகிறேன். யார் அளந்தது என்பதற்கு நம் நாட்டில் ஒரு வழி இருக்கிறது: 2011இல் அரசு அமைத்த நானோமலேசியா நிறுவனம், தரநிலைகளைச் சோதிக்கும் சிரிம் நிறுவனத்தோடு சேர்ந்து 'நானோவெரிஃபை' என்ற சான்றளிப்பை நடத்துகிறது. பொருளில் உண்மையிலேயே 1 முதல் 100 நானோமீட்டர் அளவுள்ள கூறு இருக்கிறதா, அது சொன்ன வேலையைச் செய்கிறதா என்று பார்ப்பது அதன் பணி. விளம்பரதாரரிடம் அந்தச் சான்றைக் கேளுங்கள். கேட்டதும் குரல் உயர்ந்தால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது. ஐயம் வந்தால் உங்கள் ஊரிலேயே மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் நானோ ஒளிமின்னணுவியல் ஆய்வு நிலையம் இருக்கிறது. தலைநகரில் மலாயாப் பல்கலைக்கழகத்திலும் ஆய்வு மையம் உண்டு. அங்குள்ளவர்கள் நிருபர் வந்தால் மகிழ்வார்கள். யாரும் போவதில்லை என்பதே அவர்கள் குறை.

நோயைப் பற்றி விளம்பரம் ஒரு சொல் சொல்லிவிட்டால் வேலை இன்னும் எளிது. 1956ஆம் ஆண்டின் மருந்துகள் விளம்பரம், விற்பனைச் சட்டப்படி, நீரிழிவு, புற்றுநோய், சிறுநீரகக் கோளாறு போன்றவற்றைக் குணப்படுத்துவதாகப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்யவே கூடாது. மற்ற மருந்து விளம்பரங்களுக்கு விளம்பர வாரியத்தின் ஒப்புதல் எண் வேண்டும். கேகேஎல்ஐயு என்று தொடங்கும் அந்த எண்ணை நாம் தினமும் பார்க்கிறோம். 'நானோ' என்ற முன்னொட்டு இந்தச் சட்டத்திலிருந்து யாருக்கும் விலக்கு அளிப்பதில்லை.

இதனால் நானோ என்றாலே புரட்டு என்றும் எழுதிவிடாதீர்கள். நானோ என்றாலே நஞ்சு என்றும் எழுதிவிடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2013 முதல், ஒப்பனைப் பொருளில் நானோ வடிவக் கூறு இருந்தால் அதன் பெயருக்குப் பக்கத்தில் அச்சொல்லை அச்சிட வேண்டும் என்று விதித்திருக்கிறது. 2022இல் டைட்டானியம் டைஆக்சைடை உணவு நிறமியாகச் சேர்ப்பதைத் தடை செய்தது. அதே பொருள் சூரிய ஒளி தடுக்கும் களிம்பில் தொடர்கிறது. தின்பதற்கும் தோலில் பூசுவதற்கும் மூச்சில் இழுப்பதற்கும் விடை வெவ்வேறாக இருக்கலாம் என்ற ஒரு நுணுக்கத்தை வாசகருக்குச் சொன்னாலே, வாட்சாப்பில் சுற்றும் பாதிச் செய்திகள் படுத்துவிடும். வருமானத்தைப் பற்றி நான் என்ன சொல்ல? எங்கள் விளம்பர மேலாளரும் என்னோடு இரண்டு வாரமாகப் பேசுவதில்லை.

கேள்வி: நானோ, நேனோ, மீநுண். தமிழில் எதை எழுத வேண்டும்?
– தமிழாசிரியை, கெப்போங்

பதில்: கிரேக்கத்தில் 'நானோஸ்' என்றால் குள்ளன். நம்மிடம் குறளன் இருக்கிறான். 'குறள்மீட்டர்' என்று எழுதலாமே என்று ஒரு நண்பர் சொன்னார், நானும் ஒரு வாரம் மயங்கினேன். 'நுண்' என்பதை மைக்ரோவுக்குக் கொடுத்துவிட்டதால் இதற்கு 'மீநுண்' என்று ஆக்கியிருக்கிறார்கள். பாடநூலில் இருக்கட்டும், நல்ல சொல். ஏட்டில் நான் 'நானோ' என்றே எழுதுகிறேன். விற்பவரும் அதைத்தான் எழுதுகிறார். வாசகர் கடையில் பார்ப்பதும் அதைத்தான். எந்தச் சொல்லானாலும் அதனருகே ஓர் எண் இருக்க வேண்டும் என்பது மட்டும் என் மேசையின் விதி. எண் இல்லாமல் வரும் படியை, அந்த வேதியியல் ஆசிரியரின் மூன்று கேள்விகளையும் ஓரத்தில் எழுதி, நிருபரிடமே திருப்பி அனுப்பிவிடுகிறேன்.